ரேமோவின் கை சொன்னது

ஃபாயென்சா
19 மே 1976

அன்புள்ள ரேமோவுக்கு,

ஓரியானோ எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. இங்கே எல்லோரும் சுகம். தேர்னாவுக்கு முதுகு வலி குறைந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து என்னைத் திட்டுவதற்கு மட்டும் அவளுக்கு எந்த வலியும் தடையாக இருந்ததில்லை. நீ லுகானோவில் டவுன் பஸ் ஓட்டுவதாக உன் தங்கை சொன்னாள். இருபது வருடம் பந்தய மோட்டார் சைக்கிளில் பறந்தவன் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று ஆள் ஏற்றுகிறானாம். வளைவுகளில் பயணிகள் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்களா?

மார்ச் மாதச் சண்டையை நீ மறந்திருக்க மாட்டாய். பந்தய வண்டிக்கு நான் செய்த புது பிரேமை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இரும்புக் கேட்டு மேல உக்காந்த மாதிரி விறைப்பா இருக்குடா" என்றாய். நான் பிரேமை மேசையில் பூட்டி, முனையில் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று அளந்து காட்டினேன். பழைய பிரேமும் அதே அளவுதான் வளைந்தது. அப்படியும் உனக்காக ஒரு குறுக்குக் குழாயை அறுத்தெடுத்துவிட்டு மெல்லியதாக ஒன்றை வைத்தேன். இன்னும் விறைப்பு என்றாய். அப்போதுதான் பட்டறையில் எட்டுப் பேர் பார்க்க, "பிரேம்ல ஒண்ணும் இல்ல, உன் கைதான் கிழடாயிடுச்சு" என்று கத்தினேன். நீ ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

இப்போது நடந்ததைக் கேள். போன வாரம் ஞாயிறு, மலைக்கோயிலில் மோட்டார் சைக்கிள்களுக்கு ஆசீர்வாதம். பந்தய வண்டியில் நம்பர் பிளேட்டும் விளக்கும் மாட்டிக்கொண்டு புதியதை நான் ஓட்டினேன், பழையதைத் தேர்னா ஓட்டினாள். முப்பது கிலோமீட்டர் ஏற்றம். சாமியார் அன்செல்மோ வண்டிகளுக்குத் தீர்த்தம் தெளித்து முடித்து, எனக்கு ஒரு கோப்பை ஒயின் நீட்டினார். கோப்பை என் விரலில் நிற்கவே இல்லை. சிவப்பு ஒயின் அத்தனையும் அவருடைய வெள்ளை அங்கியில்! "ஏம்ப்பா ஓரியானோ, நான் தெளிச்சதுக்குப் பதிலுக்கு நீயும் தெளிக்கிறியா?" என்றார். கூட்டமே சிரித்தது. எனக்கு விரல்கள் மரத்துப்போய் யாருடைய விரல்களோ போல இருந்தன. தேர்னா விடுவாளா? "என்னய்யா, உன் கையும் கிழடாயிடுச்சா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். அவள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மரச்சுத்தியால் பிரேமைத் தட்டினேன். பழையது 'தொப்' என்று அடங்கியது. புதியது கோயில் மணி மாதிரி ரீங்காரமிட்டுக்கொண்டே இருந்தது. எடை குறையட்டும் என்று புதியதில் எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை எடுத்தெறிந்தவன் நான்தான். அந்த நடுக்கத்தைத்தான் உன் கை விறைப்பு என்று சொல்லியிருக்கிறது. வளைவதை மட்டும் அளந்த எனக்கு, அதிர்வு அடங்குகிறதா என்று பார்க்கத் தோன்றவே இல்லை.

புது பிரேமில் ரப்பருக்கு இடம் கிடையாது. ஹேண்டில் ஆடாமலிருக்க வைப்போமே, அந்தக் குட்டி ஷாக் அப்சார்பர் ஒன்றை எடுத்து, அதிர்வை அது விழுங்கட்டும் என்று சீட்டுக்கு அடியில் பிரேமின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் குறுக்கே பூட்டித் துணியால் மூடினேன். கசாப்புக்கடை ஜிஜியை இரண்டு முறை ஓட்டச் சொன்னேன். முதல் முறை அதன் ஒரு முனையைக் கழற்றிவிட்டேன். ஜிஜி இறங்கி, நீ சொன்ன அதே வசவைச் சொன்னான். இரண்டாம் முறை அவனுக்குத் தெரியாமல் பூட்டிவிட்டேன். வந்தான், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சே! எத்தன குழாய அறுத்த?" என்றான். ஒன்றுகூட இல்லை, ரேமோ! மேசையில் பூட்டி அளந்தால் பிரேம் துளிகூட இளகவில்லை. தேர்னா மூன்று தடவை அளந்தாள். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். பத்து வருடத்தில் எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அடுத்த நிமிடமே நீ பக்கத்தில் இல்லையே என்று அழுகை வந்துவிட்டது.

ஜூன் ஆறாம் தேதி மலைப் பந்தயம். தன் பெயரைக் கொடுக்கச் சொல்லி ஜிஜி கெஞ்சினான். விண்ணப்பத்தில் உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ வராவிட்டால் அந்த வண்டி தொடக்கக் கோட்டில் ஆளில்லாமல் நிற்கும், வேறு யாரையும் ஏற்றமாட்டேன்.

நேற்று அந்த எட்டுப் பேரையும் பட்டறைக்கு வரவழைத்து, ரேமோவின் கை சரியாகத்தான் சொன்னது, என் வாய்தான் தப்பாகச் சொன்னது என்று உரக்கச் சொன்னேன். கேட்க வேண்டியவன் ஒருவன்தான் பாக்கி. அதைக் கடிதத்தில் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. வந்துவிடு.

மரியன்னை உன் கைகளைக் காக்கட்டும்.

உன்
ஓரியானோ