காலி டப்பாக்கள்

பவித்ராவுக்கு,

சிறுசேரி ஆபீஸிலிருந்து நான் வீடு திரும்ப இருட்டிவிடும் என்றுதானே, பெங்களூருக்குக் கிளம்பும் முன் புளிக்காய்ச்சலும் தக்காளித் தொக்கும் செய்து டப்பா டப்பாவாக ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டுப் போனாய்.

மாளவிகா ஒவ்வொரு வேளையும் தட்டு நிறையச் சாப்பிட்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நேற்று வாந்தி எடுத்துவிட்டாள். இப்போது பரவாயில்லை.

"எதுக்கும்மா இவ்ளோ சாப்பிட்ட?" என்று கேட்டேன்.

"டப்பா எல்லாம் காலியானா அம்மா வந்துடுவாங்கன்னு நீதானப்பா சொன்ன!"

நீ போன அன்று அவள் அழுகையை நிறுத்த அப்படிச் சொல்லியிருந்தேன். நீ இனி இந்த வீட்டுக்கு வரப்போவதில்லை என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

இன்று லீவு போட்டேன். அவள் பள்ளிக்குப் போனதும் தொக்கு கிளறினேன். உன் கைப்பக்குவம் வரவில்லை. இருந்தாலும், காலியான டப்பாக்களில் எல்லாம் நிரப்பி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
மாளவிகாவின் அப்பா