வாட்டுக்குழியை மூடாதிருக்க விடுத்த ஓலை

நலம் பெருகுக. ஏரிகள் நிறைக. அடுப்புகள் அணையாதிருக்க.

மருதவேலி நாட்டையும் அதன் ஏழு ஏரிகளையும் குடைநிழலில் காக்கும் பெருங்கோ இளவழுதியார் திருவாய் மலர்ந்தருளியபடி, அவருடைய தலைமை அமைச்சர் குணவாயில் சேந்தனார், வேனில் மாளிகை மடைப்பள்ளியின் அதிகாரியும் நானூறு பேர் பந்தியை முகம் கோணாமல் நடத்தும் ஆற்றலுடையவருமாகிய விடங்கருக்கு விடுக்கும் ஓலை. உம் மாளிகையில் யாவரும் நலமே வாழ்க.

முன்னர் வந்த ஓலையில், எட்டாம் நாள் விடியலில் இறைச்சி வாட்டும் குழியை மண்ணிட்டு மூடுமாறும், அக்குழிக்கு அனல்காவல் பெட்டி செய்த வேண்மாளைப் பணியிலிருந்து நீக்குமாறும் எழுதப்பட்டிருந்தது. ஆட்கள் மண்வெட்டியோடு நின்றால், இதை நீர் வாசித்து முடிக்கும்வரை சற்று இளைப்பாறட்டும்.

அப்பெட்டியின் வேலை எளியது. இறைச்சியின் அருகே செருகிய ஊசி வெம்மையை உணர்ந்து கம்பிவழியே சொல்லும். அனல் தாழ்ந்தால் பெட்டி மின்கலத்தால் விசிறியை ஓட்டிக் கரிக்குக் காற்றூட்டும், அனல் ஏறினால் விசிறியை நிறுத்தும். வேண்மாளின் பட்டறையில் இருபது முறை வாட்டியும் ஒருமுறைகூடத் தவறாத அப்பெட்டி, மன்னர் பிறந்தநாளன்று விசிறியை நிறுத்தாமல் ஓட்டிப் பன்னிரண்டு ஆடுகளையும் கருக்கி, விருந்தினர் முன் அரசின் முகத்தில் கரி பூசியது. அது வெறும் விளையாட்டுப் பொருளென்றும், அதைச் செய்தவர் இனி உம் மடைப்பள்ளி வாசலை மிதிக்கலாகாதென்றும் நீர் சபையில் உரைத்தீர். அமைச்சரும் தலையாட்டினார்.

வேண்மாள் மன்னரிடம் ஏழு நாள் தவணை கேட்டார். பிழை தம்முடையதாயின் கருவிகளை ஒப்படைத்துவிட்டு நாட்டை விட்டே செல்வதாகவும், பிழை எதுவென்று அறியாமல் மட்டும் செல்ல இயலாதென்றும் விண்ணப்பித்தார். மன்னர் இசையவே, பெட்டியும் விசிறியும் கம்பிகளும் இருந்தபடியே அமைச்சர் வீட்டுப் பின்முற்றத்துக்கு வந்து சேர்ந்தன.

ஊசி பழுதென்று எண்ணி வேண்மாள் புது ஊசி மாற்றினார், பயனில்லை. மின்கலம் சோர்ந்ததோ என்று வேறு கலம் வைத்தார், அதுவும் வீண். பெட்டியைத் திறந்து, ஈயத்தால் கம்பி பற்றவைத்த இடம் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்தார். ஐந்தாம் நாள் அவருக்குச் சோறும் இறங்கவில்லை. அவ்வழியே போன அமைச்சர் வேறெங்கோ பார்த்தபடி நழுவினார்.

ஆறாம் நாள் காலை அவர் ஒரு பானையில் நீரைக் கொதிக்க வைத்தார். கரியின் வெம்மை ஏறும் இறங்கும், கொதிக்கும் நீரின் வெம்மை மாறாது, ஊசி அதிலிருக்கும்போது பெட்டியின் முகப்பில் வெம்மை காட்டும் முள் அசைந்தால் பொய் சொல்வது பெட்டியே என்று விளக்கினார். ஊசியை நீரில் இட்டார். முள் அசையவில்லை. பின்னர் விசிறியைத் தாமே மின்கலத்தோடு இணைத்து ஓட்டினார். முள் சரசரவென்று இறங்கியது. நம்பாத அமைச்சர் மும்முறை நிறுத்தி ஓட்டச் சொன்னார், மும்முறையும் அப்படியே. விசிறி சுழலச் சுழல முள் இறங்கியது, முள் இறங்க இறங்க, அனல் தாழ்ந்ததென்று மயங்கிய பெட்டி விசிறியை மேலும் சுழற்றியது. ஆடுகள் கருகிய கதை இதுவே.

வேண்மாள் இரு கம்பிகளையும் விரலால் தடவிக்கொண்டே போனார். பட்டறையில் அவை தனித்தனியே ஓடின. இங்கோ விசிறிக் கம்பியும் ஊசிக் கம்பியும் பொற்சரிகையோடு சேர்த்து, மணப்பெண்ணின் சடைபோல நெருக்கிப் பின்னப்பட்டிருந்தன. விசிறிக் கம்பியின் மின்துடிப்பு ஊசிக் கம்பியில் ஏறியிருந்தது. மன்னர் முன் எக்கயிறும் தனித்துத் தொங்கலாகாது என்பது நம் அரண்மனை வழக்கம். அவ்வழக்கத்தைக் காட்டி, செய்தவரை ஒரு வார்த்தை கேளாமல், அவற்றைப் பின்னச் சொன்னவர் அமைச்சர் சேந்தனார்.

வேண்மாள் குற்றம் சாட்டவில்லை. அரசச் சரிகையை அறுக்க அனுமதி உண்டா என்று மட்டும் கேட்டார். அமைச்சர் தம் கையாலேயே அறுத்தார். கம்பிகள் விலகின, விசிறி சுழன்றும் முள் அசையாது நின்றது. அன்று மாலை வாட்டிய ஆட்டில் மன்னர் இரண்டாம் துண்டு கேட்டபோது அமைச்சருக்குக் கண் கலங்கியது. புகையென்று சொல்லித் தப்பலாம், ஆனால் காற்று அப்போது எதிர்ப்புறம் வீசியது.

ஆகவே ஆணையாவது: குழி மூடப்படலாகாது. ஊசிக் கம்பி கிழக்கிலிருந்தும் விசிறிக் கம்பி மேற்கிலிருந்தும் வரட்டும். வேண்மாளின் சொல்லின்றி எவரும், அமைச்சரே ஆயினும், அவற்றைத் தொடலாகாது. வரும் முழுமதி நாளில் கடல்நாட்டு மன்னருக்கான விருந்து அக்குழியிலேயே வாட்டப்படுக. வேண்மாள் இன்றுமுதல் உம் மடைப்பள்ளியின் அனல்காவல் தலைவி.

நாரை முத்திரை இட்டு, மன்னர் முன்னிலையில் ஏழாம் நாள் எழுதிக் கட்டியது.

இவ்வோலையைக் காவலரிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வெளியே நிற்பவர் வேண்மாளே. நீர் சபையில் சொன்ன சொல்லுக்காக அவர் தாமாக உள்ளே வரமாட்டார். எழுந்து சென்று, நீரே அழைத்து வருவீராக.