ஈரத் தரையில் குதிக்கச் சொன்ன போட்டோக்காரன்

என்னங்க, கும்பிட்டுக்கறேன். சாமி புண்ணியத்துல சௌக்கியம். உங்க முட்டிவலி தேவலையா?

எனக்குக் கோவம் இன்னும் அடங்கலைங்க. நான் கூட்டித் துடைக்கற ரயில் ஸ்டேஷன்ல ஒரு போட்டோக்காரன், பளபளப்புக்காகத் தரையில தண்ணிய ஊத்தி, நடனமாடற பொண்ணை வெறுங்காலோட குதிக்கச் சொன்னான். வழுக்கி விழுந்துட்டா. பாவி, "இன்னொரு தடவை"ங்கறான்!

தரை துடைக்கற மாப்பைக் குறுக்கே நீட்டிட்டேன். "பெத்தவ பாத்தா வயிறு எரியாதாடா?"

சூப்பர்வைசர் ஓடி வந்தாரு. "விலகும்மா, வேலை போயிடும்."

"போகட்டும். இவ கால் போனா நீங்க குடுப்பீங்களா?"

அந்தப் பொண்ணே எழுந்து செருப்பை மாட்டிக்கிட்டா. வேலை போகலை, பயப்படாதீங்க.

குனிஞ்சு துடைச்சு எனக்கு இடுப்பு வலி, வலித்தைலம் அனுப்புங்க. கூப்பிடறாங்க, முடிச்சுக்கறேன். தைலத்தோட உங்க போட்டோ ஒண்ணும் வைங்க. சும்மா உக்காந்திருந்தா போதும், குதிக்க வேணாம்.