நீலக் கட்டைகள்

நெடுங்கேணி,
05.09.2025

அன்புள்ள தம்பி சஜீவனுக்கு,

நான் நலம். நீயும் உன் மனைவி மேனுகாவும் நலமாக இருக்க வேண்டும். போனில் கதைத்தால் நானும் நீயும் கத்துவோம். அதனால் பஸ்காரரிடம் கடிதம் கொடுத்து விடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நீ பெக்கோ இயந்திரத்தால் வீதியோர மழைநீர்க் கான் வெட்டும்போது எங்கள் குடிநீர்க் குழாயையும் சேர்த்து வெட்டிவிட்டாய். ஊருக்குத் தண்ணீர் இல்லை. சிறுநீரக வருத்தக்காரி இராசமலர் அக்கா மறுபடி அந்தக் கெட்ட கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறா. வெட்டுமுன் குழாய் போகும் வழியை நீர்ச்சங்கத்திடம் கேட்க வேண்டும், அதற்குக் கிட்டக் கையால்தான் தோண்ட வேண்டும் என்று வேலை அனுமதியிலேயே இருக்கிறது. நீ கேட்கவில்லை. குழாய் போகும் வழியைக் காட்ட நானாக நட்ட நீலக் கட்டைகளையும் பிடுங்கி எறிந்திருக்கிறாய். சங்கத் தலைவியாக முறைப்பாடு கொடுத்துவிட்டேன். பெக்கோ ஓட்டியவரின் பெயரும் அதில் உண்டு.

மேனுகாவுக்கு முருங்கைக்காய் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா சிவலட்சுமி

கிளிநொச்சி,
08.09.2025

அன்பான அக்காவுக்கு,

முருங்கைக்காய் கிடைத்தது. எனக்குச் சாப்பிட மனம் வரவில்லை, மேனுகா சாப்பிட்டா. சொந்தத் தம்பியை எழுதிக் கொடுக்க எப்படி மனம் வந்தது? "உன்ரை அக்கா முறைப்பாட்டைத் திருப்பி எடுக்காட்டி நீ இனி வேலைக்கு வரத் தேவையில்லை" என்கிறார் கான் வேலையை எடுத்த கொந்தராத்துக்காரர். உடைந்த இடத்தை ஒட்டித் தருகிறேன். மழைக்கு முன் முடிக்க வேண்டும், மிச்சக் கானை வியாழன் வெட்டியே ஆகவேண்டும். தயவு செய்து திருப்பி எடுங்கோ.

நீலத்துக்கு யார் பயப்படுவார்கள் அக்கா? கண்ணிவெடி அகற்றும் வேலையில் நீங்கள் சிவப்புக் கட்டை நட்டீர்களே, அதை நட்டிருந்தால் நானே இறங்கி ஓடியிருப்பேன்.

தம்பி சஜீவன்

நெடுங்கேணி,
09.09.2025

தம்பிக்கு,

சங்கத்திலும் அதைத்தான் சொன்னார்கள். "சிவப்பு அடிச்சு விடுங்கோ அக்கா, ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்." முடியாது என்றேன். வருடக் கணக்காக முழங்காலில் நின்று நட்ட சிவப்பு அது. அதை நம்பித்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். காட்டுக்கரையில் இன்னும் அந்தக் கட்டைகள் நிற்கின்றன. தண்ணீருக்காக நான் ஒருமுறை பொய்ச் சிவப்பு நட்டால், நாளைக்கு உண்மையானதையும் எவனாவது பிடுங்குவான்.

முறைப்பாட்டையும் திருப்பி எடுக்க மாட்டேன். வெட்டியது என் தம்பி என்பதற்காக இராசமலர் அக்காவின் சிறுநீரகம் பொறுத்துக்கொள்ளாது. வியாழன் காலை அதே இடத்தில் முழங்காலில் நின்று, கைமண்வெட்டியால் குழாயைத் தோண்டிக்கொண்டிருப்பேன். பெக்கோவோடு வா. நான் எழும்பப் போவதில்லை.

சிவலட்சுமி

கிளிநொச்சி,
12.09.2025

அக்கா,

நேற்று வளைவில் வரும்போதே உங்களைக் கண்டேன். "ஹோர்ன் அடியடா" என்று கொந்தராத்துக்காரர் கத்தினார். அடித்தேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிறகு பெக்கோவை நிறுத்தி, அதன் திறப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"அக்கா எண்டு பாக்கிறியோ?" என்றார்.

"இல்லை, அங்கை பைப் இருக்கு" என்றேன்.

வேலை போய்விட்டது. உங்கள் மேல் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் முறைப்பாட்டில் என் பெயரை வெட்ட வேண்டாம். கட்டைகளைப் பிடுங்கியவன் நான், பிடுங்கச் சொன்னவர் அவர். இரண்டையும் எழுதுங்கோ, நான் கையொப்பம் வைக்கிறேன்.

ஞாயிறு காலை பஸ்ஸில் வாறன். இன்னொரு கைமண்வெட்டி எடுத்து வையுங்கோ.

சஜீவன்