கழுத்து நனையும் வரை

சாவு வீடு எப்போது முடியும்? இன்று காலை உன் மகள் கயல் என்னிடம் இப்படிக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றுதான் அவளிடமும் சொன்னேன். இதை எழுதும் இந்த நேரம் வரை வேறு பதில் கிடைக்கவில்லை.

நாளை போகி. நீ போய் இன்னும் வருடம் திரும்பாததால் வீட்டில் பண்டிகை கிடையாது. ஒட்டடை அடிப்பதற்கு மட்டும் தடை இல்லை என்று உன் நாத்தனார் சொன்னார். பரணைச் சுத்தம் செய்தபோது, பழைய முறத்துக்கு அடியில் சென்ற வருடத்துப் போகி மேளம் அகப்பட்டது. மண் வளையத்தில் தோலை இழுத்து ஒட்டிய சின்ன மேளம். உத்திரமேரூர் கடைத்தெருவில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்றாக நீ வாங்கினாய். ஒன்று அன்றைக்கே உடைந்துவிட்டது. இதில் இன்னும் லேசாகப் புகை வாசனை இருந்தது. நெருப்பில் காட்டிக் காட்டிச் சூடேற்றிய தோலின் வாசனை. ஒட்டடைக் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சற்று நேரம் அதை முகர்ந்துகொண்டிருந்தேன்.

உன் மகன் ஆதி ஓடி வந்து பிடுங்கிக்கொண்டான். அடித்தான். தோல் தளர்ந்திருந்ததால் தலையணையைத் தட்டுவது போலத்தான் சத்தம் வந்தது. அதற்குள் கயல் உள்ளேயிருந்து வந்து, தம்பியின் கையிலிருந்து மேளத்தை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"சாவு வூட்ல மேளம் அடிக்கக் கூடாது."

"அம்மா செத்தப்ப அடிச்சாங்களே?" என்றான் அவன்.

நாலு வயதுப் பிள்ளை. குறும்பாகச் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னான். கயல் என்னைப் பார்த்தாள். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "பெரீம்மா, சாவு வூடு எப்ப முடியும்?"

நீ போன பிறகு கயல் அடங்கிவிட்டாள். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும், ஏனென்றால் மற்றவர்களுக்கெல்லாம் இது நல்ல செய்தி. பொண்ணு எவ்வளவு பொறுப்பாக ஆகிவிட்டது பார் என்கிறார்கள். வகுப்பில் சொன்ன இடத்தில் உட்கார்கிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுப் பாராட்டினார். பள்ளிவிட்டு வந்தால் பையை மாட்டிவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துவிடுகிறாள். ஆதி கட்டிலில் குதித்தால் அதட்டி இறக்குகிறாள். வெள்ளிக்கிழமைதோறும் நான் காஞ்சிபுரத்திலிருந்து வந்து இறங்கும்போது, தெருவில் மற்ற பிள்ளைகளின் சத்தம் கேட்கும். உன் வாசலில் மட்டும் கேட்காது.

அந்த வாசல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். கம்பெனி பஸ் உன்னை மெயின் ரோட்டில் இறக்கிவிடும். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இரண்டு பேரும் காத்திருப்பார்கள். கம்பெனியில் கொடுத்த நீல கோட்டைக்கூடக் கழற்றமாட்டாய். டிபன் பாக்ஸை ஆதியிடம் கொடுப்பாய், தண்ணீர் பாட்டிலைக் கயலிடம் கொடுப்பாய். வாய்க்கால் ஓரமாக மூன்று பேரும் வீடு வரை ஓடி வருவீர்கள். டிபன் பாக்ஸ் குலுங்குகிற சத்தம் முதலில் வரும், நீங்கள் பிறகுதான் வருவீர்கள். நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவள் எதற்காக இப்படி ஓடுகிறாய் என்று கேட்டேன். நின்னதுக்குத்தாங்க்கா ஓடறேன் என்றாய்.

மழை நாட்களில் வீட்டுக்குள் இதைவிட மோசம். சமையலறையிலிருந்து வாசல் வரை சாக்பீஸால் கோடு போடுவாய். கோட்டைவிட்டுக் கால் வெளியே போகாமல் தவளை மாதிரித் தாண்ட வேண்டும். கூடத்தில் குறுக்கே புடவையைத் தாழக் கட்டிவிட்டு அடியில் ஊர்ந்து வரச் சொல்வாய். துணி காயப்போடுவதும் விளையாட்டுதான். கிளிப்பை ஒவ்வொன்றாகத்தான் எடுத்து வர வேண்டும், இரண்டாக எடுத்தால் ஆட்டத்திலிருந்து வெளியே. நான் நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். "க்கா, காலத் தூக்கு, ரயிலு வருது" என்பாய். நான் காலைத் தூக்குவேன். உன் பிள்ளைகள் நாற்காலிக்கு அடியில் புகுந்து போவார்கள். பின்னாலேயே நீயும் நுழையப் பார்த்து, மாட்டிக்கொண்டு, விடைத்தாள் எல்லாம் சரிந்தது ஒரு தடவை.

எனக்கு இதில் நம்பிக்கை இருந்ததில்லை. குழந்தை ஓர் இடத்தில் உட்காரப் பழக வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் ஓரளவு அப்படித்தான் நினைக்கிறேன். கயலுக்குப் படப் புத்தகம் வாங்கி வந்து மடியில் வைத்தால் அவள் கால் ஆடிக்கொண்டே இருக்கும். நீ எட்டிப் பார்த்துவிட்டு, "கால்ல கீறது தீரட்டும்க்கா. அப்பால புக்கு குடு" என்றாய். காலில் இருக்கிறது என்றால் என்ன, அது எப்படித் தீரும் என்று நான் வாதாடினேன். நீ வாதாடவில்லை. அவளை வெளியே அனுப்பிவிட்டாய்.

போதும் என்பதை நீ கண்டுபிடிக்கும் விதமும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, பின்கழுத்தில் உள்ளங்கையை வைப்பாய். கழுத்து நனைஞ்சிட்ச்சி, உள்ள வா, தண்ணி குடி. அவ்வளவுதான். இன்னும் ஒரு தடவை என்று கெஞ்சினாலும் நடக்காது. நனையவில்லை என்றால் திரும்பவும் விரட்டிவிடுவாய். சித்திரை வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தாலே எனக்குக் கழுத்து நனைகிறதே, இது என்ன கணக்கு என்று கேட்டேன். "அது வேற ஈரம்க்கா" என்றாய். என்ன வித்தியாசம் என்றேன். தொட்டுப் பாரு என்றாய். விடைத்தாளைக் கீழே வைக்கச் சோம்பலாக இருந்தது. நான் தொட்டுப் பார்க்கவில்லை.

கார்த்திகையில் ஏரி நிரம்பியது. உபரித் தண்ணீர் கலங்கல் சுவரைத் தாண்டி வழிகிறது என்று ஊரே பார்க்கப் போனது. நானும் இரண்டு பேரையும் அழைத்துப் போனேன். மதகுக்கு இந்தப் பக்கம், கணுக்கால் அளவுத் தண்ணீரில் பிள்ளைகள் எல்லாம் குதித்துக்கொண்டிருந்தார்கள். நீ இருந்தால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் இறங்கியிருப்பாய். ஆதி என் கையை உதறிவிட்டுப் போய்விட்டான். கயல் என் விரலைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றாள். போம்மா என்றேன். தலையை ஆட்டினாள். அவள் பார்வை தண்ணீரில் இல்லை, சுற்றி நின்ற பெரியவர்களின் முகங்களில் இருந்தது. அது அப்போது எனக்குப் புரியவில்லை. துக்கம் என்று நினைத்தேன். பயம் என்று நினைத்தேன். டாக்டரிடம் காட்டலாமா என்றுகூட உன் வீட்டுக்காரரிடம் பேசினேன்.

இன்று காலை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். இது சாவு வீடு என்று யார் சொன்னது?

"எல்லாரும்தான்."

"என்ன சொன்னாங்க?"

"சாவு வூட்ல ஓடாதன்னாங்க."

எப்போது என்று கேட்டேன். அன்றைக்கு என்றாள்.

அன்றைக்கு உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தது. தெரு கொள்ளாத கூட்டம். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலையைக் கயல் தானாக எடுத்துக்கொண்டாள். சமையலறையிலிருந்து வாசலுக்குச் சொம்போடு ஓட்டம், திரும்ப ஓட்டம். ஒரு சொட்டுச் சிந்தாமல் ஓட வேண்டும் என்று நீ பழக்கிய ஆட்டம்தான் அது. யாரோ அதட்டியிருக்கிறார்கள். அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தேன். குழந்தை களைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பெரியவர்களுக்குக் காரியம் என்று ஒரு நாள் இருந்தது. எண்ணெய் வைத்துத் தலை முழுகினோம். உறவுக்காரர்கள் பஸ் ஏறினார்கள். உன் வீட்டுக்காரர் வயலுக்குப் போனார், நான் கல்லூரிக்குப் போனேன். நமக்கு எது எதுவரை என்று சொல்ல ஆள் இருந்தது. அந்தக் குழந்தையிடம் ஓடாதே என்றவர்கள், இனிமேல் ஓடலாம் என்று சொல்லவே இல்லை. அவளிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு ஆடியிலிருந்து மார்கழி வரை உட்கார்ந்திருக்கிறாள். தம்பியையும் உட்காரவைக்கப் பார்த்திருக்கிறாள்.

மதியம் உன் வீட்டுக்காரர் சாப்பிட வந்தபோது இதைச் சொன்னேன். அப்பா சொன்னால்தான் அவள் நம்புவாள், நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நீங்களே சொல்லிடுங்கக்கா. முடிஞ்சிட்ச்சின்னு நான் எப்டி சொல்வேன்? எனக்கே இன்னும் முடியலியே."

உன் நாத்தனார் பக்கத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வருசம் திரும்பட்டும், அதற்குள் மேளம் கீளம் என்றால் ஊர் என்ன பேசும் என்றார். நான் பொங்கல் வைக்கச் சொல்லவில்லை, பிள்ளையை ஓடச் சொல்கிறேன் என்றேன். என் குரல் சற்று உயர்ந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். முறத்தைக் கீழே வைத்தார்.

"நான்தான் சொல்லியிருப்பேன் போல. நெனப்பில்லம்மா. அன்னிக்கி யார இன்னா சொன்னேனோ. தம்பி பொண்டாட்டின்னாலும் எனக்கு அவ பொண்ணு மாதிரி."

ஆக, நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இந்த மாதிரிப் பேச்சு எனக்கு வராது, உனக்குத் தெரியும். கிணற்றடியில் கயல் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓடக் கூடாது என்றது அந்த ஒரு நாளைக்குத்தான், வீட்டில் நிறையப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள், நடக்க வழியில்லை, அதற்காகச் சொன்னது என்றேன். அவள்மேல் தப்பு இல்லை என்றும் சொன்னேன்.

"அப்ப முடிஞ்சிட்ச்சா?"

"ஓடக் கூடாதுங்கறது முடிஞ்சிடுச்சு."

"அம்மா?"

"அம்மா இல்லைங்கறது முடியாது கயல்."

அவள் தட்டைக் கழுவி முடித்தாள். ஓடவில்லை. நடந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து மேளத்தை எடுத்து ஆதியிடம் கொடுத்து, மெதுவாக அடி என்றாள். நடந்தது இவ்வளவுதான்.

இப்போது விளக்கு வைத்தாகிவிட்டது. இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதை நீ படிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். போனவர்கள் எங்கேயோ இருந்து பார்க்கிறார்கள் என்கிற ஆறுதல் எனக்கு எப்போதும் ஒட்டியதில்லை. ஆனாலும் கேட்க வேறு ஆள் இல்லை. பல மாதமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காலில் இருந்தது என்ன ஆகும்? அது அங்கேயே இருக்குமா, போய்விடுமா? நீ இருந்தால் இதற்கு ஏதாவது சொல்லியிருப்பாய். நான் நம்பியிருக்கமாட்டேன். ஆனால் சொல்லியிருப்பாய்.

மறுநாள் எழுதுவது.

விடிவதற்கு முன்பே தெருவில் மேளச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. எல்லார் வாசலிலும் பழைய பாயும் கூடையும் எரிந்தன. நம் வாசலில் நெருப்பு இல்லை. ஆதி கதவருகே நின்று மேளத்தைத் தட்டினான். அதே தலையணைச் சத்தம். கயல் அவனுக்குப் பின்னால் நின்றாள். உன் நாத்தனார் கோலம் இல்லாத வாசலில் வெறும் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தவர், அவன் கையிலிருந்த மேளத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"தோலு சில்லுன்னு கீதுடா. நெருப்புல காட்னாத்தான் பேசும்."

அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு நெருப்புக்குப் போனார். வருடம் திரும்பாத வீட்டு ஆள் வந்து நிற்பதைப் பார்த்து அந்த வீட்டம்மாள் நகர்ந்து இடம் விட்டார். தோலைக் காட்டி, விரலால் சுண்டி, மறுபடி காட்டி, சத்தம் சரியாக வந்த பிறகுதான் ஆதியிடம் கொடுத்தார்.

"தெருமுன வரிக்கும் போய்ட்டு வா. தனியா போவாத. அக்கா கையப் புட்சிக்கினு போ."

ஆதி அக்காவின் கையைப் பிடித்தான். பிடித்ததும் ஓடினான். அவள் கையை விட வேண்டும், இல்லை கூடவே ஓட வேண்டும். கயல் ஒருமுறை திரும்பி எங்களைப் பார்த்தாள். உன் நாத்தனார், போ போ என்று கையை ஆட்டினார். அவள் ஓடினாள்.

இரண்டாவது சுற்றில் ஜல்லியில் இடறி விழுந்தாள். முட்டி சிராய்த்துவிட்டது. அம்மா என்று கத்தினாள். நீ போன பிறகு இந்த வாசலில் அந்தச் சொல்லை அவள் கத்தி நான் கேட்டதில்லை. தெரு முழுக்கக் கேட்டது. அவள் அப்பா ஓடிவந்து தூக்கினார். அழாதே என்று யாரும் சொல்லவில்லை. வெகுநேரம் அவர் தோளில் அழுதாள். பிறகு, ஆதி முன்னால் போய்விட்டான் என்று சொல்லி நெளிந்து இறங்கினாள். கொஞ்ச தூரம் நொண்டினாள். அப்புறம் நொண்டவில்லை.

வெயில் வந்தபோது என் முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் கரி. நான் அவள் பின்கழுத்தில் கையை வைத்தேன். மார்கழிப் பனியில் என் கை சில்லிட்டிருந்தது. அவள் கழுத்து சூடாக, நன்றாக நனைந்திருந்தது.

போதும், உள்ளே வா, தண்ணீர் குடி என்றேன்.

இன்னும் ஒரே ஒரு தடவை பெரீம்மா என்றாள். நீ ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. நானும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் உள்ளே வந்து தண்ணீர் குடித்தார்கள்.