துறைமுக வாசலில் ஒட்டிய புது போன்

ஐப்பசி 18, செவ்வாய்.

கோபம் இன்னும் அடங்கவில்லை. காசிமேடு துறைமுக வாசலிலேயே அந்தப் புது போனுக்கு விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். நடுக்கடலில் ஒரு படகு, மேலே சாட்டிலைட். டவரே இல்லாவிட்டாலும் செய்தி போகுமாம். என் வீட்டுக்காரர் லாஞ்சில் மீன்பிடிக்கப் போனால் பத்து நாள் ஒரு தகவலும் இருக்காது. போன வருஷப் புயல்காற்றில் படகின் வயர்லெஸ் கெட்டுப்போய், நாலு நாள் நான் செத்துப் பிழைத்தேன். அதனால்தான் முதல் ஆளாக வாங்கிவிடலாமா என்று இன்று திருவொற்றியூர் கடைக்குப் போனேன்.

கடைக்காரன் கேமராவையே காட்டிக்கொண்டிருந்தான்.

"கேமரா கெடக்கட்டும்பா. நடுக்கடல்ல இன்னா அமுக்குனா வூட்டுக்கு சேதி வரும்? அத்தக் காட்டு," என்றேன்.

தலையைச் சொறிந்தான். "அது நம்ம ஊருக்கு இன்னும் தொறக்கலக்கா. பின்னால அப்டேட்ல வரும். இப்பவே வாங்கி வெச்சுக்கோ."

"அது வர்ற வரிக்கும் காத்து கம்முனு நின்னுகினு இருக்குமா? அப்பறம் இன்னாத்துக்கு எங்க வாசல்ல வந்து ஒட்னீங்க?"

"அது கம்பெனி ஒட்றதுக்கா. நாங்க இன்னா பண்றது?"

திரும்பி வந்துவிட்டேன். படம் போடப் படகு வேண்டும், படகில் போகிறவன் வேண்டாம்.

சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல, கடலுக்குப் போயிருக்கும் வீட்டுக்காரர் எண்ணுக்கு அடித்தேன். ரிங் போனால் லாஞ்சு கரைக்குக் கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் இப்படித்தான் அடித்துப் பார்ப்போம். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பதிவுக் குரல்காரி சொன்னாள். தினமும் அவளைத் திட்டுவேன். இன்று திட்டவில்லை. அவளாவது உள்ளதைச் சொல்கிறாள்.