அந்தச் செருப்பு என்னுடையது, கோமதி

அன்புள்ள கோமதி,

அன்புள்ள என்று எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினேன். இறந்துபோனவளுக்கு அந்த ஒரு சொல்லையாவது விட்டுக்கொடுக்கலாம் என்று தோன்றியது. அதற்கு மேல் எதையும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நீ போன அன்று நம் பழைய வகுப்புத் தோழிகளின் வாட்ஸப் குழுவில் எல்லாரும் உன்னைப் பற்றி எழுதினார்கள். எவ்வளவு நல்ல மனசு, எவ்வளவு பொறுமை, எத்தனை பிள்ளைகளைப் படிக்க வைத்தாள் என்று. நான் அலுவலகத்தில் இருந்தேன். எல்லாவற்றையும் படித்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். கழக்கூட்டத்து அலுவலகத்திலிருந்து உன் வலியசாலை வீட்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. வரவில்லை.

இப்போது ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. நாற்பத்து மூன்று வயதில் நான் அல்ஜிப்ரா படித்தேன். நாம் பி.எஸ்சி.யில் படித்தோமே, அதே அருவ இயற்கணிதம், முதல் பாடத்திலிருந்து. வெளியாட்களும் சேரலாம் என்று ஒரு சனிக்கிழமை வகுப்பு தொடங்கினார்கள். நீ இத்தனை வருஷம் பாடம் நடத்திய கல்லூரியில்தான். நீ இருந்திருந்தால் சேர்ந்திருக்க மாட்டேன். உன் இடத்தில் இப்போது வேறொருத்தி இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் சேர்ந்தேன்.

முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் எழுந்து நின்று, "குட் மார்னிங் மிஸ்" என்றாள். அத்தனை பேருக்கும் இருபது வயசு. நான் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்ததைப் பார்த்து அந்தப் பெண் வெட்கப்பட்டாள். நானும்தான்.

மூன்று வாரம் ஒன்றும் புரியவில்லை. எண்களே இல்லாத கணக்கு மறுபடியும். ஒரு சதுரத்தைத் திருப்பு, புரட்டு, அதற்குப் பிறகு இன்னொரு முறை திருப்பு, கடைசியில் எங்கே வந்து நிற்கிறது பார். அட்டைப்பெட்டியில் ஒரு சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை எண் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே போவேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் சற்றுத் தள்ளி உட்காருவார்கள்.

நாலாவது வாரம்தான் உன்னைச் சந்தித்தேன்.

அதைச் சொல்வதற்கு முன்னால், நீ செய்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் இதை எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

இரண்டாம் வருஷத்தில் அல்ஜிப்ரா எடுத்த சார் ஒரு கணக்கு கொடுத்தார். ஒரு குரூப்பில், அதாவது அந்தச் சதுரத்தின் திருப்பல்களும் புரட்டல்களும் போன்ற ஒரு கூட்டத்தில், ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் எதிர் உண்டு. அது இது செய்ததை இல்லாமலாக்கிவிடும். ஐடென்டிட்டி என்கிற ஒன்று மட்டும் எதையும் மாற்றாது, தனக்குத் தானே எதிர். உறுப்புகளின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால், தனக்குத் தானே எதிரான வேறொரு உறுப்பும் கட்டாயம் இருக்கும் என்று நிறுவ வேண்டும். சொந்தமாக நன்றாகச் செய்கிறவரைச் சென்னையில் நடக்கும் ஒரு மாதக் கணித முகாமுக்கு அனுப்புவேன் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாறசாலையில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். வாசலில் செருப்புகள் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. கூட்டம் முடிந்து வெளியே வந்தால் என் செருப்பில் ஒன்றைக் காணோம். "பட்டி கொண்டு போயிருக்கும் மக்ளே, ஜிம்மிக்க வேலதான் அது" என்றாள் அம்மா. ஜிம்மி எங்கள் வீட்டு நாய். நான் அந்த ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

ஒவ்வொரு உறுப்பும் அதன் எதிரும் ஒரு ஜோடிச் செருப்பு. ஜோடிகளையெல்லாம் மாட்டிக்கொண்டு ஆட்கள் போய்விட்டால், வாசலில் மிஞ்சுவது ஒற்றைகள், தனக்குத் தானே எதிரானவை. ஐடென்டிட்டி அதில் ஒன்று. மொத்தம் இரட்டைப்படை என்றால் மிஞ்சுவதும் இரட்டைப்படைதான். ஆகவே ஐடென்டிட்டி அங்கே தனியாகக் கிடக்க முடியாது, இன்னொரு ஒற்றையாவது இருக்கும். நாலு வரி. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமை உன்னிடம்தான் முதலில் சொன்னேன், ஜிம்மி கதையோடு. மதியம் உன் தயிர்சாதத்தை என்னிடம் தள்ளிவிட்டு என் மரச்சீனிக் கிழங்கைத் தின்றுகொண்டே கேட்டாய். "ஒரு தடவை பாத்துட்டுத் தரேண்டி. எனக்கு இந்தக் கணக்கு வரவே மாட்டேங்கறது" என்று நோட்டை வாங்கிக்கொண்டாய்.

வியாழக்கிழமை சார் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் இரண்டு தாள்கள். "ரெண்டிலும் செருப்பு. இது யாரோடது?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "என்னோடது சார். எஸ்தர் கேட்டா, பாக்கக் குடுத்தேன்."

கோமதி, அந்தக் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

சார் என்னிடம் கேட்கவில்லை. "எனிக்கு அப்பழே தோணி", அப்போதே தோன்றியது என்று சிரித்தார். ரப்பர் வெட்டுகிறவர் மகளா, மூன்று தலைமுறை படித்த அக்ரஹாரத்து வீட்டு மகளா என்று பார்த்தால் அவருக்கு யோசிக்க என்ன இருந்தது? அது உனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாய். உன் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி அதற்காகத்தான்.

நான் ஏன் பேசவில்லை? இத்தனை வருஷமும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான் தெரியும்.

நீ சென்னைக்குப் போனாய். நான் அந்த வகுப்பில் அதற்குப் பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தட்டுத்தடுமாறிப் பாஸானேன். எம்.எஸ்சி.க்கு விண்ணப்பம் வாங்கக்கூடப் போகவில்லை. பிறகு கழக்கூட்டத்தில் இந்த வேலை. அடுத்தவர் எழுதிய நிரலில் தப்பு கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பத்துப் பதினைந்து வருஷம் கழித்துக் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டாய். "நீ மேல படிச்சிருக்கணும்டி, எஸ்தர். உனக்கு நல்ல தலை" என்றாய். எப்படி வாய் வந்தது உனக்கு? மறந்தே போயிருந்தாயா? நினைவிருந்தும் சொன்னாயா? இரண்டில் எது குறைந்த பாவம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சரி, நாலாவது வாரம். இப்போது வகுப்பு எடுப்பவள் ஆதிரா, உன் மாணவி. முப்பது வயசு இருக்காது. மலையாளத்துப் பெண்தான், உன்னோடு பழகியதில் தமிழும் கலந்து பேசுவாள். அன்று உன் வகுப்புக் குறிப்புகளை ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தாள். மூன்றாம் பக்கத்தில் அந்தக் கணக்கு. அதற்குக் கீழே, 'செருப்பு நிரூபணம்'.

"இது நம்மட டீச்சரிண்டெ சொந்தம் ப்ரூஃப் ஆணு" என்றாள் ஆதிரா. நீ சொந்தமாகக் கண்டுபிடித்ததாம். அதோடு விட்டாளா? நீ வருஷா வருஷம் சொல்வாயாமே, அந்தக் கதையையும் சொன்னாள். உன் வீட்டில் ஒரு விசேஷமாம். வாசல் நிறையச் செருப்பாம். உன் செருப்பில் ஒன்றை நாய் தூக்கிக்கொண்டு போனதாம். பிள்ளைகள் சிரித்தார்கள்.

என் நாயைக்கூட நீ விட்டுவைக்கவில்லை, கோமதி.

இந்த முறை நாக்கு ஒட்டவில்லை. எழுந்து நின்றேன். "மிஸ், அந்த நாய்க்குப் பேர் என்னன்னு உங்க டீச்சர் சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டேன்.

ஆதிரா திகைத்தாள். "ஆமா சேச்சி, சொல்லும். எல்லா வருஷமும் சொல்லும்."

"ஜிம்மிதானே?"

ஆதிரா கையிலிருந்த தாளைத் தாழ்த்தினாள். "சேச்சிக்கு எங்கனெ தெரியும்?" என்றாள்.

"அது எங்க வீட்டுப் பட்டி. செருப்பு எனக்க செருப்பு. அந்தக் கணக்கும் நான் செஞ்சதுதான். உங்க டீச்சர் வீட்டுல எந்தக் காலத்திலும் நாய் வளத்ததில்ல." என் குரல் நடுங்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஆதிரா என்னை வராந்தாவில் நிறுத்தினாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். "சேச்சி, எண்டெ அச்சன் என்னெ எம்.எஸ்சி.க்கு விட சம்மதிக்கல. டீச்சர் மூணு தடவை எங்க வீட்டுக்கு வந்து பேசி. டீச்சர் இல்லேங்கில் நான் இங்கெ இல்ல. அந்த டீச்சர் இப்படிச் செய்யுமோ?" என்றாள்.

செய்தாள் என்றேன். இரண்டையும் நீதான் செய்திருக்கிறாய். என்னை வெளியே தள்ளிவிட்ட அதே கதவு வழியாக வேறு யாரையோ கைபிடித்து உள்ளே கூட்டிப் போயிருக்கிறாய். எனக்குச் செய்ததை நினைத்துத்தான் அவளுக்குச் செய்தாயா? அப்படியென்றால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு இருபத்து நாலு வருஷம் இருந்ததே. பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில்தானே இருந்தேன்?

"நான் இப்ப எந்து செய்யணும் சேச்சி?" என்று ஆதிரா கேட்டாள். பரவாயில்லை, விடுங்கள் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். "என் பேரைப் போடுங்க" என்றேன். அடுத்த சனிக்கிழமை புதிய தாள் வந்தது. 'எஸ்தரின் நிரூபணம்' என்று அச்சாகியிருந்தது. சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. மிகவும். நீ இல்லாத நேரத்தில் இப்படிச் சந்தோஷப்படக் கூடாது என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பாடம் குரூப்பைத் துண்டு துண்டாகப் பிரிக்கிற கோசெட்டுக்குப் போனது, அதைத் தாண்டி ஈவுக் குலத்துக்கு, அந்தத் துண்டுகளாலேயே ஆன குரூப்புக்குப் போனது. அங்கே நான் திணறினேன். ஒரு கூட்டத்தையே ஒற்றை உறுப்பாக எண்ணிக்கொள் என்கிறார்கள். என் தலைக்குள் அது உட்காரவே இல்லை. "குட் மார்னிங் மிஸ்" சொன்ன பெண் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டதை நான் மூன்று வாரம் மென்றேன். அவளே பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். பரீட்சையில் நூற்றுக்கு ஐம்பத்தொன்று. பாஸ். அவ்வளவுதான்.

அந்த மார்க்கைப் பார்த்த அன்றுதான் உன் மேல் உண்மையான வெறுப்பு வந்தது. இத்தனை வருஷம் நான் ஒரு கதையில் வாழ்ந்திருக்கிறேன்: கோமதி திருடாமல் இருந்திருந்தால் நான் பெரிய கணிதக்காரியாக ஆகியிருப்பேன் என்று. ஆகியிருப்பேனா? பத்தொன்பது வயசு மூளைக்கு ஈவுக் குலம் எளிதாக வந்திருக்குமா, இல்லை, அன்றும் அங்கேயே சறுக்கியிருப்பேனா? செருப்புக் கணக்கு ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமையின் அதிர்ஷ்டம் மட்டும்தானா? தெரியாது. இனி ஒருபோதும் தெரியவும் வராது. நாலு வரியையும் ஒரு மாத முகாமையும் நீ எடுத்துக்கொண்டதைக்கூட ஒரு நாள் மறந்திருப்பேன். என் உயரம் எவ்வளவு என்று நானே அளந்து பார்க்க வேண்டிய வயசை எடுத்துக்கொண்டாயே.

மன்னிப்பதாக எழுதினால் இந்தக் கடிதம் அழகாக முடியும். நம் வாட்ஸப் குழுவில் போட்டால் எல்லாரும் கைகூப்பும் படம் போடுவார்கள். மன்னிக்கவில்லை, கோமதி. பொய் சொல்லி உன்னை வழியனுப்ப எனக்கு மனசில்லை.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். ஆதிராவிடம் நானாக உன்னைப் பற்றி இனி ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அவள் கேட்டால் மறைக்கவும் மாட்டேன். ஜூனில் அடுத்த பகுதி தொடங்குகிறது, ரிங் தியரி. பேர் கொடுத்துவிட்டேன். அதில் தோற்றாலும் நானே தோற்பேன். என்னால் எதுவரை முடியும் என்பதை, இந்த வயசில் முடிகிற மட்டுமாவது, போய்ப் பார்த்துவிடுகிறேன்.

இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த,
இன்னும் கோபம் ஆறாத,
உன் கூட்டுக்காரி
பாறசாலை எஸ்தர்